கையில் கொடுக்காத கூறு

மதியம் சாப்பிட்டுவிட்டுக் கண்ணை மூடினால் எனக்கு இன்னும் அந்த ஊர் வருகிறது. மைசூர் அக்ரஹாரத்தில் எங்கள் வீட்டு ஜன்னலுக்கு வெளியே ஸ்கூட்டர்கள் போகும் சத்தம் மெல்ல மங்கி, எங்கோ ஓடைத் தண்ணீர் ஓடுவதுபோல ஆகிவிடும். பனி மூடிய மக்காச்சோளக் காடு, நடுவே ஒற்றை மண்பாதை, அது முடியும் இடத்தில் என்னைப் பார்த்துச் சிரிக்கும் முகங்கள். கனவில்கூட அந்த ஊரில் யாரும் குரலை உயர்த்திப் பேசியதில்லை. எழுந்து காப்பி போட்டுக் குடித்த பிறகும் நெஞ்சுப் படபடப்பு அடங்கக் கொஞ்ச நேரமாகும்.

நன்னடத்தை அலுவலர் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களில் ஒருவர் அன்றைக்கு என்னிடம் கேட்டார்: "ஜெயில்லேர்ந்து வர்ற ஆள் சம்பந்தமா மறுபடி ரத்தம் சிந்துமா சிந்தாதான்னு எப்படி மேடம் கண்டுபிடிக்கறது?" நான் ஏதோ சொல்லி மழுப்பிவிட்டு வந்துவிட்டேன். கோபக்காரரா, குடிப்பாரா, ஊரில் பகை உண்டா என்று கேட்டு எழுத உங்களுக்குச் சொல்லித் தந்திருப்பார்கள். எழுதுவதில் நம் ஆட்கள் கெட்டிக்காரர்கள்தான். ஆனால் நான் பார்த்த மிக ஆபத்தான ஊரில் இந்தக் கேள்விகள் எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்றே பதில் வந்தது, அதுவும் உண்மையான பதில். அதனால் மழுப்பியதைத் திருத்தி இதை எழுதுகிறேன்.

நஞ்சப்பன் மைசூர் சிறையில் ஆயுள் தண்டனைக் கைதி. ஹனூருக்கு அப்பால், காடு தொடங்கும் இடத்தில் உள்ள ஒரு சின்ன ஊர்க்காரர். ஊரின் பெயரைச் சொல்லப்போவதில்லை. வாலிபத்தில் ஒரு மனிதரை அருவாளால் வெட்டிக் கொன்றவர். உள்ளே போன நாளிலிருந்து ஒருவரிடமும் ஒரு வம்புக்குப் போனதில்லை, சிறைத் தோட்டத்தில் கீரை போட்டுக்கொண்டு காலத்தை ஓட்டினார். நன்னடத்தைக்காக அவரை முன்கூட்டியே விடலாமா என்ற பேச்சு வந்தபோது, அவர் திரும்பி வந்தால் ஊரில் என்ன ஆகும் என்று நேரில் போய் விசாரிக்கும் வேலை என் தலையில் விழுந்தது. காரணம், அது தமிழ் பேசும் ஊர், எனக்குத் தமிழ் தெரியும். மைசூரில் பிறந்து வளர்ந்து, தமிழில் ஆரம்பித்த வாக்கியத்தைக் கன்னடத்தில் முடிக்கிற என் தமிழைக் கேட்டு அந்த ஊரார் சிரிப்பை அடக்கப் பட்ட பாடு தனிக்கதை.

போன அன்றைக்கு ஊர்க் காவல் தெய்வமான முனியப்பனுக்கு நோம்பி. கிடா வெட்டுகிற திருவிழா. ஜீப்பை விட்டு இறங்கியதும் ஒரு கூட்டமே வந்து சூழ்ந்துகொண்டது. வீட்டுக்கு வீடு மோர் கொடுத்தார்கள். ஊரில் போன் பேச வேண்டுமானால் மேட்டுப் பாறையில் ஏறி நிற்க வேண்டும். பனிக்குள் அங்கே நின்று பேசுகிறவர்கள் யாரோ வானத்தோடு பேசுகிற மாதிரி இருந்தார்கள். எனக்கு அந்த ஊரை அப்படியே பிடித்துப்போயிற்று. நஞ்சப்பன் பேரைச் சொன்னதும் ஒரு முகமும் சுளிக்கவில்லை. "வரட்டுங்க, பாவம். எத்தனை வருசம் உள்ளார கெடப்பான்?" என்றார்கள்.

கொலையுண்டவரின் மகன் மாதேசனைத்தான் நான் முக்கியமாகப் பார்க்க வேண்டியிருந்தது. நாற்பதை எட்டிக்கொண்டிருந்தவன், காய்கறி மூட்டைகளைச் சந்தைக்குக் கொண்டு போகும் சரக்கு ஆட்டோ ஓட்டுகிறவன். அப்பா சாகும்போது பள்ளிக்கூடப் பையன். என்னை உட்கார வைத்துத் துண்டால் ஈ ஓட்டினான்.

"நஞ்சப்பண்ணன் வரட்டுங்க மேடம். எனக்கு ஒண்ணும் இல்லீங்க. சின்னதுல என்னைத் தோள் மேல தூக்கிட்டுப் போவாரு."

"கோபமே இல்லையா?"

"இருந்துச்சுங்க. இப்ப தேடிப் பாத்தாலும் இல்லீங்க."

அவன் பொய் சொல்லவில்லை. இத்தனை வருஷ வேலையில் பொய்யின் வாடை எனக்குத் தெரியும். மனசுக்குள் அறிக்கையை எழுதி முடித்துவிட்டேன்.

அப்புறம் கூறு போட்டார்கள். வெட்டிய கிடாயின் கறியை வீட்டுக்கு ஒரு பங்காகத் தேக்கிலையில் வைத்துப் பரப்புவது. பூசாரி ஒவ்வொரு வீட்டு ஆம்பளையாகப் பேர் சொல்லிக் கூப்பிட்டு இலையை எடுத்துக் கையில் கொடுத்தார். மாதேசன் முன்வரிசையில்தான் நின்றான். அவன் முறை வந்ததும் பூசாரி அவனைத் தாண்டிப் பார்த்து, "செல்வி, வாம்மா" என்றார். மாதேசனின் மனைவி செல்வி பின்னாலிருந்து வந்து வாங்கிக்கொண்டு போனாள். மாதேசன் துண்டைச் சரி செய்துகொண்டு சிரித்த முகமாக நின்றான். பரவாயில்லையே, இந்தக் காட்டுக்குள் பெண்ணுக்கு இவ்வளவு மரியாதையா என்று நான் நினைத்தேன் பாருங்கள்! என் படிப்பும் பட்டமும் அந்த இடத்தில் எனக்குச் சொன்னது அவ்வளவுதான்.

அந்தச் சந்தோஷத்தோடு செல்வியிடம் போய்ப் பாராட்டினேன். அவள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"கண்ணாலம் ஆயி வந்த வருசத்துல இருந்து நாந்தானுங்க வாங்கறேன். அதுக்கு முன்னால எங்க மாமியா வாங்குனாங்க. அவரு கையில குடுக்க மாட்டாங்ளே."

"ஏன்?"

"அப்பனைக் கொன்னவன் உசுரோட இருக்கறப்ப, அந்த ஊட்டுல ஆம்பளை இருக்குதுன்னு எப்படிங்க கையில குடுப்பாங்க?"

"யாராவது அப்படி வாயைத் திறந்து சொன்னாங்களா?"

அவளுக்கு என் கேள்வி வேடிக்கையாக இருந்திருக்க வேண்டும். "ஒருத்தரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க மேடம். எங்கூர்ல அப்படி மரியாதை கெட்டுப் பேச மாட்டாங்க." பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "அவரு கறி திங்கறதையே உட்டுட்டாருங்க" என்றாள்.

திரும்பி வரும்போது ஜீப்பின் கண்ணாடியில் பனி அப்பிக்கொண்டே வந்தது. மரங்கள் வருவதும் கரைவதுமாக இருந்தன. பார்த்ததெல்லாம் நிஜம்தானா என்று எனக்கே சந்தேகம் வந்தது. அங்கே யாரும் யாரையும் அடிக்கச் சொல்லவில்லை, யாருக்கும் யார் மேலும் ஆத்திரமில்லை. ஆனால் மொத்த ஊரும் வருஷக்கணக்காக, பொறுமையாக, மோர் கொடுத்துக்கொண்டு, ஒரு கொலைக்காகக் காத்திருந்தது. கொள்ளேகாலில் ஜீப்பை நிறுத்தச் சொல்லி முகம் கழுவிக்கொண்டேன்.

மைசூருக்கு வந்ததும் நேரே சிறைக்குப் போனேன். நஞ்சப்பனுக்குத் தலை முழுக்க நரைத்திருந்தது. ஊருக்குப் போய் வந்தேன் என்றதும் மழை பெய்ததா, யார் யார் இருக்கிறார்கள் என்றெல்லாம் கேட்பார் என்று நினைத்தேன்.

"நோம்பிக்குக் கெடா வெட்டுனாங்ளா மேடம்?"

"வெட்டினாங்க."

"மாதேசன் கூறை யாரு வாங்குனா?"

"அவன் பெண்டாட்டி."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். "அப்ப நான் ஊருக்குப் போவக்கூடாதுங்க. போனா அந்தப் பையன் கொலைகாரன் ஆயிருவான்."

அன்றைக்குத்தான் அவர் வாயைத் திறந்தார். மாட்டு விவகாரம் ஒன்றில் மாதேசனின் அப்பா நஞ்சப்பனின் அப்பாவைச் சந்தையில் எல்லார் முன்னாலும் செருப்பால் அடித்துவிட்டார். அடிபட்டவரே அதை மறந்துவிட்டுக் காலம் முடிந்து போய்ச் சேர்ந்தார். அதன் பிறகு நஞ்சப்பனின் கூறு வருஷாவருஷம் அவர் அம்மா கைக்குப் போயிற்று.

"மாதேசன் அப்பன் மேல எனக்கு ஒண்ணுமே இல்லீங்க. வெட்டறதுக்கு முதநாளு ரெண்டு பேரும் ஒரே காட்டுல கடலை பறிச்சம். எனக்குத் தண்ணி மோந்து குடுத்தாரு."

"அப்புறம் ஏன் நஞ்சப்பா?"

"மறுநா நோம்பி மேடம்."

இவ்வளவு வருஷ வேலையில் இதைவிடச் சின்ன வாக்குமூலத்தை நான் கேட்டதில்லை. வழக்கு நடந்தபோது யாரும் அவரிடம் இதைக் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் யாருக்குப் புரிந்திருக்கும்? ஆத்திரத்தில் வெட்டினான் என்று எழுதினால் எல்லாருக்கும் புரியும். அதனால் உங்களுக்குச் சொல்கிறேன்: கோபம் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு எழுந்து வந்துவிடாதீர்கள். அந்த ஆளைச் சுற்றி இருப்பவர்கள் எதற்காகக் காத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். அதை யாரும் சொல்ல மாட்டார்கள். சாப்பாட்டிலோ, உட்காரும் இடத்திலோ, கூப்பிடும் வரிசையிலோ அது இருக்கும்.

மேலதிகாரிக்கு இதை விளக்குவதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. "எஸ்ஸா நோவா சொல்லுங்க மேடம். ஊர்ல யாருக்கும் ஆட்சேபணை இல்லைன்னு நீங்களே சொல்றீங்க. மத்தேனு ப்ராப்ளம், வேற என்ன சிக்கல்?" என்றார். நல்ல மனிதர்தான், ஆனால் தேக்கிலையைப் பற்றிப் பேசினால் கைக்கடிகாரத்தைப் பார்ப்பவர். கடைசியில் நடுவழி ஒன்று பிடித்தோம். நஞ்சப்பனை விடுவது, ஆனால் அவர் மைசூரிலேயே தங்குவது, அனுமதி இல்லாமல் ஊர்ப்பக்கம் போகக் கூடாது. மைசூர் ஹெப்பாளில் ஒரு தொழிற்சாலைக் கேண்டீனில் காய் நறுக்கும் வேலை கிடைத்தது. பிரச்சினை தீர்ந்தது என்று நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

அடுத்த நோம்பி நெருங்கியபோது செல்வி மேட்டுப் பாறையிலிருந்து போன் பண்ணினாள். காற்றில் குரல் வருவதும் போவதுமாக இருந்தது. மாதேசன் தூங்குவதில்லை, அருவாளைத் தீட்டி வைத்துவிட்டு அதைப் பார்த்து அழுகிறான், சந்தைக்கு என்று கிளம்பி மைசூருக்கு வந்து போகிறான் என்றாள். அருவாளை ஒளித்து வை என்றேன். "ஊரு பூரா அருவாதானுங்க, எதை ஒளிக்கறது?" என்று கேட்டாள்.

அன்று சாயங்காலமே ஹெப்பாளுக்குப் போனேன். கேண்டீன் வாசலில் நஞ்சப்பன் என் பக்கத்தில் நின்று கண்ணால் காட்டினார். சாலைக்கு அந்தப்பக்கம், பஸ்ஸுக்குக் காத்திருக்கும் கூட்டத்தில் மாதேசன் கையில் ஒரு மஞ்சள் பையோடு நின்றுகொண்டிருந்தான். கம்பெனி பஸ்கள் உள்ளே விளக்கெரிய வரிசையாகப் போயின. ஒரு பஸ் மறைத்து விலகும்போது அவன் இருப்பான். இன்னொன்று மறைக்கும். விலகினால் இருப்பான். கழுத்தில் அடையாள அட்டை தொங்கும் பிள்ளைகள் காதில் பாட்டோடு அவனை உரசிக்கொண்டு போனார்கள். கடைசியாக ஒரு பஸ் விலகியபோது அந்த இடம் காலியாக இருந்தது.

"தெனமும் வாரானுங்களா?" என்று என் நாக்கும் கொங்குத் தமிழில் புரண்டது.

"இது மூணாந் தடவை. வந்து பாத்துட்டு டீ குடிச்சுட்டுப் போயிருவான். அவனால முடியல மேடம். ஆனா ஒரு நா முடிஞ்சுரும்." பிறகு சொன்னார்: "என்னை நோம்பிக்குக் கூட்டிட்டுப் போங்க. என்ற கூறு எனக்கு வேண்டாம்னு ஊரு முன்னால நான் சொல்லோணும். அதுக்குப் பொறவு அவன் என்ன பண்ணுனாலும் பண்ணட்டும்."

போலீஸில் சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். சொல்லியிருந்தால் மாதேசனைக் கூப்பிட்டு எழுதி வாங்கியிருப்பார்கள், நோம்பிக்கு நாலு கான்ஸ்டபிள்களை நிறுத்தியிருப்பார்கள். போலீஸ் தடுத்ததால்தான் செய்யவில்லை என்று ஊர் எண்ணிக்கொண்டு இன்னும் ஒரு வருஷம் பொறுமையாகக் காத்திருக்கும். எத்தனை வருஷம் காவல் போடுவது? இரண்டு இரவு யோசித்துவிட்டு நானே கூட்டிக்கொண்டு போகிறேன் என்றேன். மேலதிகாரி, "ஏதாவது ஆச்சுன்னா உங்க பென்ஷனை மறந்துடுங்க" என்று அன்பாகச் சொல்லி அனுமதியில் கையெழுத்துப் போட்டார். இதை ஒரு வழிமுறையாக எடுத்துக்கொண்டு நீங்களும் கிளம்பிவிடாதீர்கள். எனக்கு வேறு வழி தெரியவில்லை, அவ்வளவுதான்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பனி இன்னும் இறங்கியபடி இருந்தது. எதிரே வருகிறவர்களின் முகம் கிட்ட வந்த பிறகுதான் தெரிந்தது. "வாப்பா நஞ்சப்பா, எளைச்சுட்டியே" என்று தோளைத் தொட்டார்கள். ஊரிலிருந்த அவருடைய அக்கா ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். மாதேசன் மட்டும் என்னை ஓரமாகக் கூப்பிட்டான். கண் சிவந்திருந்தது.

"அவரை ஏனுங்க கூட்டியாந்தீங்க? மைசூர்னா கூட்டம், பஸ்ஸு மறைக்குதுன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டு இருந்தனே. இப்ப என்னன்னுங்க சொல்லிக்கறது?"

அவன் துண்டைத் தோளில் போடாமல் வலது கையில் சுற்றி வைத்திருந்தான்.

இலைகள் பரப்பியாயிற்று. முதல் கூறு நஞ்சப்பனுக்கு. பூசாரி இரண்டு கையாலும் இலையை ஏந்தி நீட்டினார். அப்பாவுக்கு நேர்ந்த அவமானத்துக்குப் பதில் கொடுத்த ஆம்பளைக்கு ஊர் தரும் மரியாதை அது. நஞ்சப்பன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"எனக்கு வேண்டாமுங்க பூசாரி. எங்கக்கா கையில குடுங்க."

"டேய், நீ ஆம்பளை. வாங்கு."

"எனக்குத் தண்ணி குடுத்த மனுசனை வெட்டிப்போட்டேன். அதுல என்ன ஆம்பளை?" என்று சொல்லிவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தார். மாதேசன் நின்ற பக்கம் அவர் முதுகு இருந்தது.

பூசாரி முகம் கறுத்து, இலையை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு மற்றவர்களைக் கூப்பிட்டுக் கொடுத்தார். கடைசியில், "செல்வி, வாம்மா."

செல்வி வரவில்லை. "நான் வாங்க மாட்டேனுங்க. எங்க ஊட்டுல ஆம்பளை நிக்குது, கண்ணு தெரியலீங்களா?" என்றாள். நஞ்சப்பனின் அக்கா அவளைப் பார்த்தாள், பிறகு அவளும் நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை.

இரண்டு இலைகள் தரையில் கிடந்தன. எல்லாக் கூறும் எடுக்கப்பட்டால்தான் எந்த வீட்டிலும் அடுப்பு மூட்டலாம் என்பது அங்கே வழக்கமாம். பக்கத்தில் நின்றவர்தான் என் காதில் சொன்னார். ஊரே கையில் இலையோடு நின்றது. பனி விலக விலக வெயில் ஏறியது. ஈக்கள் வந்தன. எல்லாருடைய கண்களும் மெதுவாக மாதேசன் மேல் வந்து நின்றன. நஞ்சப்பனின் முதுகு அவன் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. அவன் துண்டைக் கையில் இன்னொரு சுற்றுச் சுற்றினான். ஓடிப்போய் நடுவில் விழ வேண்டும், கத்த வேண்டும் என்று தோன்றியது. நான் குறுக்கே போனால் அது நான் தடுத்ததாக ஆகிவிடும். என் வேலைக் காலத்தில் நான் செய்த மிகக் கஷ்டமான காரியம், அப்போது வாயை மூடிக்கொண்டு நின்றதுதான். என் முந்தானையை நானே கிழித்திருந்தேன் என்பது வீட்டுக்கு வந்த பிறகு தெரிந்தது.

எவ்வளவு நேரம் போயிற்றோ தெரியாது. குழந்தைகள் அழ ஆரம்பித்தன. எங்கிருந்தோ ஒரு பெண் குரல் எரிச்சலோடு வந்தது: "கறி நாறப்போவுது பூசாரி. புள்ளைங்க பசியில சாவுது. அவுங்கவுங்க கையில குடுத்துட்டு ஆக வேண்டியதைப் பாருங்க." இன்னொருத்தி, "அதானே!" என்றாள். தலைமுறைகளாக ஊர் கட்டிக் காத்ததை அசைத்தது இந்த அலுப்புத்தான். நியாயம் தர்மம் என்று யாரும் பேசவில்லை.

பூசாரி ஆம்பளைகளைச் சுற்றிப் பார்த்தார். ஒருவரும் அவர் கண்ணைப் பார்க்கவில்லை. அவரவர் இலையைப் பார்த்தார்கள். அவர் குனிந்து மாதேசன் வீட்டு இலையை எடுத்தார். அவனிடம் நடந்து போனார்.

"இந்தாடா."

மாதேசன் கையிலிருந்த துண்டு கீழே விழுந்தது. துணி விழுகிற சத்தம் அல்ல அது. உள்ளே என்ன இருந்தது என்று நானும் பார்க்கவில்லை, யாரும் பார்க்கவில்லை. நஞ்சப்பனின் அக்கா வந்து அவர்கள் வீட்டு இலையைத் தூக்கிக்கொண்டு தம்பியின் தோளைத் தொட்டாள். அவர் அப்போதும் எழுந்திருக்கவில்லை, குலுங்கிக் குலுங்கி அழுதுகொண்டிருந்தார்.

மாதேசன் ஒற்றைக் கையை நீட்டி இலையை வாங்கினான். ஒரு நாளும் வாங்கிப் பழகாத கை. இலை சாய்ந்து, கறியின் ரத்தம் முழங்கை வரை வழிந்தது. அவன் திகைத்துப்போய்ப் பெண்டாட்டியைப் பார்த்தான்.

செல்வி ஓடி வந்தாள். "ரெண்டு கையிலயும் புடிங்க. சிந்துதில்ல."